பெத்தாவின் தருமக் கடை வாடகை என் சொந்த வரிக் கணக்கில் ஏறிவிட்டது, எப்படித் திருத்துவது?

கோட்டைமுனை ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, மட்டக்களப்பு கோட்டைமுனையில் இருக்கிறேன். வரி விஷயம் தெரிந்தவர்கள் பொறுமையாக வாசித்துப் பதில் தந்தால் பெரிய உதவி.

எங்கள் பெத்தாவுக்கு (அம்மாவின் அம்மா) திருமலை வீதியில் இரண்டு கடை இருந்தது. 1978 சூறாவளியில் இரண்டின் கூரையும் போய், திரும்பக் கட்டி முடித்த பிறகு, 1981இல் நொத்தாரிசிடம் போய்த் தருமசாதனமாக உறுதி எழுதி வைத்தார். வாடகைக் காசில், கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிற அடியார்களுக்கு வருடம் ஒரு மத்தியானச் சோறு. தையில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும். அம்மா பார்த்தார், அம்மாவுக்குப் பிறகு நானும் பெரியகல்லாற்றில் இருக்கிற மச்சாளும் பொறுப்பாளர்கள். கணக்கெல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் இருக்கிறது. போன வருடம் சம்பா அரிசி 150 கிலோ, பருப்பு 25 கிலோ, பூசணி 40 கிலோ என்று ஒவ்வொன்றும் எழுதியிருக்கிறேன், பற்றுச்சீட்டும் ஒட்டியிருக்கிறேன்.

முன்பு இரண்டு கடைக்கும் வாடகை சொற்பம். 2024 ஏப்ரலில் முன் கடையை ஒரு கம்பனி எடுத்தது, மாதம் 135,000 ரூபா. பக்கத்துக் கடையில் தையல்காரத் தம்பி, 28,000. கம்பனி ஒவ்வொரு மாதமும் 13,500ஐ வரியாகப் பிடித்துக்கொண்டு 121,500தான் அனுப்புகிறது. டின் இலக்கம் (வரி செலுத்துநர் அடையாள இலக்கம்) கேட்டார்கள், அந்த வருடம் எல்லோரும் டின் எடுக்க ஓடித்திரிந்தோமே, அப்போது எடுத்த என் இலக்கத்தைக் கொடுத்தேன். வங்கிக் கணக்கும் என் பெயரில்தான்.

2024/2025 வருமான வரி விபரத்திரட்டைத் தெரிந்த ஒரு பிள்ளை கணினியில் நிரப்பித் தந்தது. இரண்டு கடை வாடகையும் 1,956,000. அதில் நூற்றுக்கு 25 கழித்து, 12 இலட்சம் தனிநபர் விடுதலையும் கழித்து, மிச்சம் 267,000க்கு 6 வீதம், வரி 16,020 ரூபா. கம்பனி பிடித்தது 162,000. "ரீச்சர், உங்களுக்கு 145,980 ரூபா திரும்பி வரும்" என்று சந்தோஷமாகச் சொல்லிற்று. என் ஓய்வூதியத்துக்கு வரி இல்லை, எனக்கு வேறு வருமானமும் இல்லை.

எனக்கு அன்று இரவு நித்திரையில்லை. அது என் காசு இல்லை. என் பெயரில் வருமானம் என்று கையெழுத்து வைத்துவிட்டேன். நாளைக்கு நான் கண் மூடினால், என் பிள்ளைகள் இது அம்மாவின் கடை என்று நினைக்க அந்தக் கடதாசியே போதும்.

இந்த வாடகையை யார் காட்ட வேண்டும்? மச்சாள் பாதி, நான் பாதியா? திரும்பி வருகிற காசை எடுக்கலாமா?

---

வாழைச்சேனை வாசகன்:

ரீச்சர், கவலைப்படாதீங்கோ. காசு உங்கள் கணக்குக்குத்தான் வருகிறது, வரிப் பிடித்த சான்றிதழும் உங்கள் பெயரில். அப்படியென்றால் நீங்கள் காட்டியது சரிதானே. திரும்பி வருகிற காசை அப்படியே அன்னதானத்தில் போட்டுவிடுங்கோ, யாருக்கும் நட்டமில்லை. மச்சாளையும் சேர்த்துப் பாதிப் பாதியாகக் காட்டினால் வரி இன்னும் குறையும்.

---

கல்முனைக் கணக்காளர்:

வாழைச்சேனைத் தம்பி நல்ல மனதோடு சொல்கிறார். ஆனால் ரீச்சர், அப்படிச் செய்யாதீர்கள். அந்த 145,980 வங்கிக்கு வந்தால் ஒரு சதமும் தொடாமல் வையுங்கள். இன்னும் வரவில்லையென்றால் வருவதற்கு முன்பே திருத்துவது நல்லது.

காரணம் இது. 2017ஆம் ஆண்டு 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் நம்பிக்கைப் பொறுப்பை (உங்கள் பெத்தா எழுதி வைத்தது போன்ற டிரஸ்டை) தனி ஒரு வரி செலுத்துநராகத்தான் பார்க்கிறது. பொறுப்பாளர் ஒரு ஆள், அவர் கையில் இருக்கும் தருமம் இன்னொரு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு யார் பெயரில் என்பது இதை மாற்றாது. உங்களுக்கும் மச்சாளுக்கும் பாதி என்ற பேச்சே இல்லை, இரண்டு பேரும் சேர்ந்து ஒரே விபரத்திரட்டைத்தான் தருமத்தின் பெயரில் கொடுக்க வேண்டும்.

இப்போது நோகிற இடத்துக்கு வருகிறேன். 12 இலட்சம் விடுதலை (2025 ஏப்ரலிலிருந்து 18 இலட்சம்) ஒரு மனிதர் தன் சொந்த வருமானத்தில் கழிப்பது. பொறுப்பாளர் என்ற முறையில் வாங்குகிற வருமானத்தில் அதைக் கழிக்க முடியாது. வாடகையில் நூற்றுக்கு 25 கழிப்பதும் தனிநபருக்குத்தான். ஆகவே தருமத்தின் கணக்கில் வாடகை முதல் ரூபாயிலிருந்தே வரிக்குள் வரும். சோலைவரி (கட்டடத்துக்கு உள்ளூராட்சி சபைக்குக் கட்டுவது), காப்புறுதி, பில் உள்ள திருத்த வேலை என்று அந்த வாடகையை ஈட்டச் செய்த செலவைக் கழிக்கலாம். சோறும் சப்பாத்தும் கழியாது. பலருக்கு இது விளங்குவதில்லை. அரிசி வாங்கியது வாடகையை உழைப்பதற்கான செலவில்லை, உழைத்த பிறகு அதைப் பயன்படுத்திய விதம்.

வீதம் இரண்டு விதமாக வரலாம். தரும நிறுவனம் என்று சட்டம் சொல்லும் வகைக்குள் வந்தால் 14. சாதாரண நம்பிக்கைப் பொறுப்பு என்றால் 30. உங்கள் எண்ணையே வைத்துப் பார்ப்போம். 1,956,000இல் சோலைவரிக்கும் காப்புறுதிக்கும் 36,000 போனது என்று வைத்தால் மிச்சம் 1,920,000. 14 வீதத்துக்கு வரி 268,800, கம்பனி பிடித்த 162,000ஐக் கழித்தால் இன்னும் 106,800 கட்ட வேண்டும். 30 வீதத்துக்கு 576,000, கழித்தால் 414,000. திருத்த வேலையை நான் சேர்க்கவில்லை, அதைப் பில்லைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆகவே எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். உறுதியில் நோக்கம் எப்படி எழுதியிருக்கிறது? தருமத்துக்கு மாத்திரமா, அல்லது குடும்பத்துக்கும் ஏதாவது உண்டா? நினைவிலிருந்து சொல்லாதீர்கள், உறுதியை எடுத்துச் சொல்லுக்குச் சொல் வாசியுங்கள்.

இன்னொன்று. "அங்கீகரிக்கப்பட்ட தருமம் என்று வர்த்தமானியில் வந்தால்தான் 14" என்று யாராவது சொன்னால் குழம்ப வேண்டாம். அது தருமத்துக்கு நன்கொடை கொடுப்பவர் தன் வரியில் சலுகை கேட்பதற்கான ஏற்பாடு. வாடகை வாங்குபவரின் வீதம் வேறு கேள்வி.

---

அக்கரைப்பற்றுப் பள்ளிவாசல் பொருளாளர்:

ரீச்சர், எங்கள் பள்ளிவாசலுக்கும் ஐந்து கடை இருக்கிறது. நாங்கள் 1956ஆம் ஆண்டு வக்பு (முஸ்லிம் தரும சொத்து) சட்டத்தின் கீழ் பதிந்தவர்கள், அதனால் எங்கள் நிருவாக ஒழுங்கு வேறு. ஆனால் நீங்கள் பட்ட இதே சிக்கலை நாங்களும் பட்டோம். அப்போதைய தலைவர், மௌத்தாகிவிட்டார், அவருடைய டின்னில்தான் கடை வாடகைக்குப் பிடித்த வரி இரண்டு வருடம் ஏறியது. அவர் மகன் கடன் எடுக்கப் போன இடத்தில் வாப்பாவின் வருமானம் என்று கடை வாடகையையும் சேர்த்துக் காட்டினார்கள். மகனுக்கு அது பெரிய வெட்கமாகப் போயிற்று. நீங்கள் நித்திரை வராமல் கிடந்தது சும்மா இல்லை.

செய்த வேலையை உள்ளபடி சொல்கிறேன். முதலில் தருமத்தின் பெயரில் டின். உறுதியின் பிரதி, பொறுப்பாளர் இரண்டு பேரின் அடையாள அட்டைப் பிரதி, நீங்கள் இரண்டு பேரும்தான் இப்போதைய பொறுப்பாளர்கள் என்று காட்டுகிற கடதாசி, இவற்றை ஒரு கோவையில் போட்டுக்கொண்டு போங்கள். இறைவரித் திணைக்களத்தின் 1944 தொலைபேசிக்கு எடுத்தால் தமிழிலும் பேசுவார்கள், போவதற்கு முன் என்னென்ன கொண்டு வரவேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது தருமத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. பழைய கணக்கிலிருந்து புதியதுக்குக் காசு மாற்றும்போது இது தருமக் காசு, இத்தனை மாத வாடகை என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். அந்தத் தாள் பிறகு உதவும்.

மூன்றாவதுதான் கஷ்டம், கம்பனி. இங்குள்ள கிளை மெனேஜர் நல்ல பிள்ளையாக இருப்பார், ஆனால் அவரால் ஒன்றும் ஆகாது. வரிப் பிடிப்பது கொழும்பில். வாடகை ஒப்பந்தத்தில் வாடகைக்குக் கொடுப்பவர் யார் என்று பாருங்கள். உங்கள் சொந்தப் பெயர் மட்டும் இருந்தால் அதைத் திருத்தி, இன்ன உறுதியின் பொறுப்பாளர் என்ற முறையில் என்று புதிதாக எழுதிக் கொடுங்கள். அந்தப் பிரதியோடு கொழும்புக்குக் கடிதம். மாத வாடகை ஒரு இலட்சத்துக்கு மேல் போனால் அவர்கள் 10 வீதம் பிடிக்கத்தான் வேண்டும், அதில் பிழையில்லை. யாருடைய டின்னில் ஏற்றுகிறார்கள் என்பதில்தான் பிழை. பதிவுத் தபாலில் அனுப்பி அந்தச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மூன்றாவது கடிதத்துக்குத்தான் பதில் வந்தது.

---

கோட்டைமுனை ரீச்சர்:

இரண்டு பேருக்கும் கை கூப்புகிறேன். பள்ளிவாசல் தம்பி, அந்த மகனுக்கு நடந்ததை வாசித்தபோது என் மனதில் இருந்ததை நீங்களே எடுத்து வைத்த மாதிரி இருந்தது.

இன்று காலையில் லாச்சியைத் திறந்து உறுதியை எடுத்தேன். பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஓரமெல்லாம் பழுப்பாகி, மடிப்பில் கிழியத் தொடங்கியிருக்கிறது. இத்தனை வருடமும் நான் முதல் பக்கத்தையும் காணி விபரத்தையும்தான் பார்த்திருக்கிறேன். சோறும் கொப்பியும் அம்மா சொல்லித்தான் தெரியும். இன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை வாசித்தேன். மூன்றாவது ஒரு பந்தி இருக்கிறது. எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்:

"மேற்படி வாடகையில் காற்பங்கை எனது பெண்வழியில் ஆதரவில்லாதிருக்கும் ஒருத்திக்கு அவளின் சீவியகாலம் வரைக்கும் பொறுப்பாளர்கள் கொடுத்துவர வேண்டியது."

அப்போதுதான் விளங்கியது, சின்னம்மாவுக்கு அம்மா மாதாமாதம் ஏன் காசு கொடுத்தார் என்று. தங்கச்சி என்ற பாசத்தில் கொடுக்கிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். சின்னம்மா 2019இல் காலமானார். அதற்குப் பிறகு நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அப்படியென்றால் இது 14ஆ, 30ஆ?

---

கல்லடிச் சட்டத்தரணி:

அந்தப் பந்தியைச் சொல்லுக்குச் சொல் தந்ததற்கு நன்றி, அம்மா. இதில்தான் எல்லாம் இருக்கிறது.

சட்டத்தில் தரும நிறுவனம் என்பதற்கு இரண்டு வாசல் உண்டு. ஒன்று, தரும நோக்கத்துக்காக மாத்திரம் ஏற்படுத்தப்பட்டதாக இருக்க வேண்டும். அல்லது, தரும நோக்கத்தை நிறைவேற்றுவதில் மாத்திரம் ஈடுபட்டதாக இருக்க வேண்டும். வறியவர்க்கு உதவி, கல்வி, சமயம் இவையெல்லாம் தரும நோக்கம்தான். அடியாருக்குச் சோறும் பிள்ளைகளுக்குக் கொப்பியும் அதற்குள் வரும்.

முதல் வாசல் உங்களுக்கு மூடியிருக்கிறது. காற்பங்கு குடும்பத்துப் பெண்ணுக்கு என்று பெத்தா எழுதியதால் இது தருமத்துக்கு மாத்திரம் ஏற்பட்டதல்ல. இரண்டாவது வாசல் வழியாக வாதிடலாம். 2019க்குப் பிறகு வாடகை முழுவதும் தருமத்துக்கே போனது, சீ.ஆர். கொப்பி அதற்குச் சாட்சி, ஆகவே நடைமுறையில் தருமத்தில் மாத்திரம் ஈடுபட்டிருக்கிறது என்று. நல்ல வாதம். ஆனால் அது நிற்பது ஒரு விஷயத்தில்தான், உங்கள் பெண்வழியில் இப்போது ஆதரவில்லாமல் யாருமில்லை என்பதில். அப்படி ஒருத்தி இருந்து, அவளுக்குக் கொடுக்காமல் விட்டதால் முழுவதும் தருமத்துக்குப் போயிருந்தால், அந்த வாதத்தை நான் எழுத மாட்டேன். அது அவளுக்குச் சேர வேண்டியதை மறைத்து வரி குறைப்பது.

யாருமில்லையென்றால், உண்மைகளையெல்லாம் எழுதி உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகத்திடம், உங்களுக்கு எந்த வீதம் என்று தனிப்பட்ட தீர்மானம் ஒன்றைக் கேட்கலாம், சட்டத்தில் அதற்கு இடமுண்டு.

ஒரு எச்சரிக்கை. "அந்தப் பந்தியை எடுத்துவிட்டு ஒரு திருத்த உறுதி எழுதுவோம், 14 ஆகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். பொறுப்பாளர்கள் தாங்களாகப் பெத்தாவின் சொல்லை வெட்ட முடியாது. அப்படி ஏதும் செய்வதென்றால் மாவட்ட நீதிமன்றம்தான் வழி, அதற்கும் வலுவான காரணம் வேண்டும்.

---

கல்முனைக் கணக்காளர்:

சட்டத்தரணி சொன்ன இரண்டாவது வாசல் நான் யோசிக்காதது. ஒத்துக்கொள்கிறேன்.

ரீச்சர், நீங்கள் தீர்மானிக்கும் வரை காலத்தைக் கைவிடாதீர்கள். மார்ச் 31இல் முடிகிற ஆண்டுக்கு மிச்ச வரி செப்டெம்பர் 30க்குள், விபரத்திரட்டு நவம்பர் 30க்குள். இடையில் தவணையாகக் கட்டுவதற்கு ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. கலண்டரில் சிவப்பில் வட்டம் போடுங்கள். உங்கள் பெயரில் கொடுத்ததைத் திருத்திய விபரத்திரட்டால் சரியாக்குங்கள், அதே நேரத்தில் தருமத்தின் பெயரில் புதியதைக் கொடுங்கள். முதலாவது மட்டும் போனால் வருமானம் எங்கே போனது என்று கேட்பார்கள், இரண்டாவது மட்டும் போனால் ஒரே வாடகை இரண்டு இடத்தில் நிற்கும். பிந்தியதற்கு வட்டியும் தண்டமும் வரும், அதைத் தவிர்க்க முடியாது. நீங்களாகவே போய்ச் சொல்வது, அவர்கள் கண்டுபிடித்துக் கேட்பதை விட எவ்வளவோ நல்லது.

2024க்கு முந்திய வருடங்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வாடகை சொற்பம் என்றீர்கள், ஆனால் தருமத்துக்கு விடுதலைத் தொகை இல்லை என்பதை மறக்க வேண்டாம். கொப்பியைக் கொண்டு வாருங்கள், வருடம் வருடமாகப் பார்ப்போம். இதற்கு நான் கூலி வாங்க மாட்டேன். என் பெத்தப்பாவும் பாத யாத்திரை போனவர், உங்கள் சோற்றை அவரும் சாப்பிட்டிருக்கக்கூடும்.

---

கோட்டைமுனை ரீச்சர்:

நான்கு நாளாக எழுதவில்லை, மன்னிக்க வேண்டும். மச்சாளிடம் பெரியகல்லாற்றுக்குப் போய் வந்தேன்.

யாருமில்லை என்று எழுதிவிட முடியாது. ஒருத்தி இருக்கிறாள். என் தங்கையின் மகள், ஆரையம்பதியில். இரண்டு வருடத்துக்கு முன் புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு பிள்ளைகள். எங்கள் பக்கத்துக் கடைத் தம்பியிடம்தான் பிளவுஸ் தைத்துக் கொடுத்துக் காசு வாங்குகிறாள். பெத்தாவின் கடைக்குள் உட்கார்ந்து தைக்கிறாள், அந்தக் கடை வாடகையில் தனக்கொரு காற்பங்கு உண்டென்று தெரியாமல். பெரியம்மா நான், எனக்கே தெரியவில்லை. உறுதியை வாசிக்காத குற்றம் என்னுடையது.

மச்சாளும் நானும் உறுதியை நடுவில் விரித்து வைத்து இரண்டு முறை வாசித்தோம். மச்சாள்தான் முதலில் சொன்னார், "கொடுக்கத்தான் வேணும், அதுவும் இந்த மாதத்திலிருந்து." சட்டத்தரணி ஐயா, அந்த இரண்டாவது வாசல் எங்களுக்கு வேண்டாம். 30 வீதத்தையே போடுங்கள். விட்டுப்போன இரண்டு வருடத்துக்கு அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று உங்களிடம் வந்து கேட்கிறேன்.

வரி இத்தனை போய், காற்பங்கும் போனால், இந்த வருடம் சோற்றுக்கு 150 கிலோ வாங்க முடியாது. 90 கிலோ வரும் என்று கணக்குப் போட்டோம். பாயசத்தை நிறுத்துகிறோம், கறி மூன்று போதும். பிள்ளைகளின் சப்பாத்தில் கை வைக்க மாட்டோம்.

திரும்பி வருகிற காசு இன்னும் வரவில்லை. நாளைக்கு டின்னுக்கும் திருத்திய விபரத்திரட்டுக்கும் போகிறேன். அவளுக்கு மாதாமாதம் கொடுக்கிற காசை எப்படி எழுத வேண்டும், அவளும் வரிக்குள் வருவாளா என்று மட்டும் சொல்லுங்கள்.

---

கல்முனைக் கணக்காளர்:

ரீச்சர், காற்பங்கு முழு வாடகையில் பார்த்தாலும் வருடம் 489,000தான். அவள் கையில் வேறு தையல் காசு சேர்ந்தாலும் 18 இலட்சத்துக்குக் கிட்டவும் வராது, பயப்பட வேண்டாம். தருமக் கணக்கிலிருந்து அவள் பெயருக்கு நேரே வங்கியில் மாற்றுங்கள், கையில் காசாகக் கொடுக்காதீர்கள். கொப்பியில் சோறு, கொப்பி சப்பாத்து என்ற தலைப்புகளோடு மூன்றாவதாக ஒரு தலைப்புப் போட்டு, உறுதியின் பந்தி இலக்கத்தையும் அதன் பக்கத்தில் எழுதுங்கள்.

வருகிற சனி காலை நான் மட்டக்களப்பில்தான். பழைய கொப்பிகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள், அம்மாவின் காலத்துக் கொப்பியும் வேண்டும், சின்னம்மாவுக்குக் கொடுத்தது அதில் இருக்கும்.

---

கோட்டைமுனை ரீச்சர்:

இருக்கிறது, தம்பி. "தங்கச்சிக்கு" என்று மாதாமாதம் எழுதியிருக்கிறார் அம்மா, கடைசியாக 2019 வரைக்கும். சனிக்கிழமை வாருங்கள், மத்தியானச் சாப்பாடு இங்கேதான்.